விதை எத்தனை நாள் உயிரோடிருக்கும்?

ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கல்லைப் போலக் கிடக்கிறது, இல்லையா? உண்மையில் அதனுள் ஓர் உயிர் உறங்குகிறது. உறங்கும்போதே மூப்பும் அடைகிறது. ஈரமும் வெப்பமும் மிகுந்தால் மூப்பு விரைவில் வரும்.

இதற்கு ஹாரிங்டன் என்னும் அறிஞர் எளிய விதி ஒன்றைத் தந்தார். விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. ஈரப்பதத்தை 13இலிருந்து 10 ஆக்கினால்? 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு!

நம் பாட்டன்மார் இந்த விதியைப் படித்ததில்லை. ஆனால் விதைக்கோட்டை கட்டினார்கள். வெயிலில் காய்ந்த நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். 'கடக்' என்று முறிந்தால் ஈரம் போதிய அளவு குறைந்துவிட்டது என்று பொருள். பிறகு வைக்கோலைத் திரித்துச் சுற்றி உருண்டையாகக் கட்டி, மேலே சாணமும் மண்ணும் பூசுவார்கள். வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேற்பூச்சு வெளியீரத்தைத் தடுக்கும். நல்ல இயற்பியல்தான்!

என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாத்தா கோட்டை கட்டத் தெரிந்தவர். தந்தைக்கு அது தெரியாது. மாணவனுக்கு ஈரப்பதத்தின் வரையறை தெரியும். கடித்துப் பார்க்கத் தெரியாது. இதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன். 1970-71இல் இந்தியாவில் ஓர் உழவரின் சராசரி நிலம் 2.28 ஹெக்டேர். 2015-16இல் அது 1.08 ஹெக்டேர். இவ்வளவு நிலத்தை நம்பி எத்தனை பிள்ளைகள் ஊரில் தங்குவார்கள்?

ஆனால் விதை காத்திருக்காது. எவ்வளவு நன்றாகக் கட்டி வைத்தாலும் நம் வெப்பத்தில் ஓரிரு ஆண்டுகளே தாங்கும். அதற்குள் யாராவது விதைத்தாக வேண்டும். காட்டுயானம் என்னும் நெல் ஆளுயரத்துக்கு மேல் வளரும். தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலுக்கு ஏற்றது. அதை விதைப்பவர் நிறுத்திவிட்டால், அந்த வயலின் சோறும் போகும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் 2008 முதல் உலக விதைகளை உறைகுளிரில் காக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் எந்த வயலில், எந்த மாதம் விதைப்பது என்று அந்தப் பெட்டி சொல்லாது.

2018இல் மறைந்த 'நெல்' ஜெயராமன் வேறு வழியைக் கண்டார். உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதை கொடுப்பார். மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது இருவருக்குப் போகும். பிறகு நால்வருக்கு. பத்து ஆண்டுகள் கழித்து எத்தனை பேர்? 1024! வாங்கிக்கொள்ள ஆண்டுதோறும் புதிய கைகள் இருந்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

என் மாணவன் அடுத்த அறுவடைக்கு ஒரு தராசுடன் ஊருக்குப் போகிறான். காயவைக்கும் முன்னும் பின்னும் நெல்லை நிறுத்து, தாத்தாவின் 'கடக்' எத்தனை விழுக்காடு என்று கண்டுபிடிக்கப் போகிறானாம்.