நாளுக்கு ஒரு முகம்

முகம் கீறப் பழகுகிறவர்களில் அநேகமானோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றி குறுகி, மண்டை தட்டையாகி, கீறினது யாரையென்று கீறினவருக்கே பிடிபடாமல் போய்விடும். உச்சந்தலையிலிருந்து நாடி வரை பென்சிலால் அளந்து பாருங்கள். கண் இருப்பது ஏறத்தாழச் சரிபாதியில். எங்கள் கவனம் எல்லாம் கண், மூக்கு, வாயில் நிற்பதால், மயிருக்குள் மறைந்திருக்கும் மண்டையின் உயரத்தைக் கை விட்டுவிடுகிறது.

அளவு எங்களுக்குப் புதிதல்ல. கோயில் சிற்பிகளின் தாளமானம் என்ற அளவுமுறையில் ஒரு முகத்தின் நீளம் ஒரு தாளம், அதாவது 12 அங்குலம். நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை 4, புருவத்திலிருந்து மூக்கின் அடி வரை 4, அங்கிருந்து நாடி வரை 4. (இது அடிமட்டத்தில் உள்ள அங்குலம் அல்ல; சிலையின் உயரத்துக்கு ஏற்ப அதுவும் கூடிக் குறையும்.) இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கலாம். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில் நிற்கும். இவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம்.

ஆனால் அளவுப்படி மட்டும் கீறினால் வருவது தெய்வத்தின் முகம். பக்கத்து வீட்டு மாமியின் முகம் வராது. பல் விழுந்த ஒரு ஆச்சியைப் பாருங்கள். மூன்று பாகத்தில் கீழ்ப்பாகம் சுருங்கி, நாடி மூக்கை நோக்கி எழும்பியிருக்கும். மேலுதடு உள்ளே மடிந்து, வாய் ஒரு கோடாகிவிடும். கனத்த தோடு போட்டுப் போட்டுக் காதுமடல் இறங்கியிருக்கும். அளவிலிருந்து அந்த முகம் எங்கே விலகுகிறதோ அங்கேதான் ஆச்சி இருக்கிறா. ஒவ்வொரு நாளும் பழகுவது இந்த விலகலைப் பிடிக்கத்தான். அது புத்தகத்தில் கிடைக்காது. முகத்துக்கு முகம் வேறு.

கோடில்லாத கொப்பி ஒன்றும் பேனை ஒன்றும் போதும். பென்சிலைவிடப் பேனையே நல்லது என்பது என் எண்ணம். அழிறப்பர் கையில் இருந்தால் பாதி நேரம் அழிப்பதிலேயே போய்விடும். பிழைத்த கோடு கிடக்கட்டும், பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரு முகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். தொடங்கும்போது ஒரு நிமிடம் தாளைப் பார்க்காமல், கண் ஓடும் வேகத்திலேயே கையையும் ஓடவிட்டு, முகத்தின் ஓரத்தை மட்டும் கீறுங்கள். கிமோன் நிக்கொலைடிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் நூல் 1941இல் வெளிவந்த பிறகு உலகெங்கும் பரவிய பயிற்சி இது. படம் கோணலாகத்தான் வரும். ஆனால் கண் விழித்துக்கொள்ளும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் இருண்டுபோகும், முகம் பிடிபடாது. காலை எட்டு மணிக்கு விறாந்தையில் ஒருபக்க வெளிச்சத்தில் இருப்பவரைக் கீறுங்கள். இன்னொன்று, எங்களுக்குக் கிடைக்கும் ஓவியப் பயிற்சி நூல்கள் பல வெள்ளைத் தோலை வைத்தே நிழல் சொல்லித்தருகின்றன. அதைப் பின்பற்றி, கறுத்த முகம் என்றால் முழுவதையும் கறுப்பாகத் தேய்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முகம் செத்துப்போகும். கறுத்த தோலில் ஒளி நன்றாக மின்னும். கன்னமேடு, மூக்கின் தண்டு, நெற்றியில் வியர்வை படிந்த இடம் ஆகியவற்றை வெறுந்தாளாகவே விடுங்கள். நிழற்பக்கத்தை மட்டும் தொடுங்கள். நிறம் தானாக வந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிலையம், திருநெல்வேலிச் சந்தை, குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்கு நிற்பவர்கள், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள். ஆனால் கேட்டுவிட்டுக் கீறுங்கள். யுத்தகாலச் சுற்றிவளைப்புகளில் வரிசையாக நின்று, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளுக்கு முகத்தைக் காட்டவேண்டியிருந்த மண் இது. ஒருவர் உற்றுப் பார்த்து எதையோ குறித்தால் வயதானவர்கள் பதறுவது நியாயம். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள், இருந்து கதையும் சொல்வார்கள். கதைக்கும் முகம் அசையும் என்று சலிக்க வேண்டாம். கதைக்கும்போதுதான் முகம் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்த நிலைக்காகக் காத்திருந்து பிடியுங்கள்.

ஒரே முகத்தையும் திரும்பத் திரும்பக் கீறலாம். ஓவியர் ஆதிமூலம் 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியை மட்டுமே நூறு கோட்டோவியங்களாகக் கீறினார். டச்சு ஓவியர் றெம்பிரான்ற் வாலிபம் முதல் முதுமை வரை தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக் கீறிக்கொண்டிருந்தார். ஆள் கிடைக்காத நாளில் கண்ணாடி இருக்கிறது.

எங்கள் ஊரில் முகம் கீறுவதற்கு வேறொரு தேவையும் உண்டு: இருந்த படங்கள் பல தொலைந்துபோயின. குருநகரில் 1933இல் பிறந்து, கொழும்பில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணத்தில் எத்தனையோ மாணவர்களுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்த அ. மாற்கு மாஸ்ரரின் படைப்புகளில் பெரும்பகுதி 1995 யுத்த இடப்பெயர்வோடு தொலைந்தது. 2000இல் அவரும் மறைந்துவிட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் பலர் அல்பங்களையும் காவிக்கொண்டு போகவில்லை. இன்று பல வீடுகளில் பாட்டன் பாட்டியின் முகமாக மிஞ்சியிருப்பது கல்வெட்டு என்னும் நினைவு மலரில் அச்சான ஒரு படம்தான். அதுவும் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த, கமராவைக் கண்டு விறைத்த முகம். காது கேளாமல் தலையைச் சரித்துக் கேட்கும் விதமோ, வெற்றிலை குதப்பும்போது ஒரு கன்னம் புடைப்பதோ அதில் இராது. பக்கத்தில் இருந்து கீறும் பதினைந்து நிமிடப் படத்தில், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், அதெல்லாம் வந்துவிடும்.

ஆகவே வெளியில் ஆள் தேடிப் போகுமுன், வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், ஊர், திகதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். நிறைந்த கொப்பிகளை எறியாதீர்கள். பக்கங்களைப் படமெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள்.