வலிக்காத தேமல்

தொழுநோய் மிக மெதுவாகப் பெருகும் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. தொற்றியபின் அறிகுறி தெரியச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகலாம். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழ்பவருக்கே தொற்றும் வாய்ப்பு அதிகம். கைகுலுக்குவதாலோ ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ தொற்றாது.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நோய் என்ற அளவை எட்டியதும், தொழுநோய் இனி பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று இந்தியா அறிவித்தது. நோயே ஒழிந்துவிட்டதாகப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 2022இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட சுமார் 1.74 லட்சம் பேரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தனர்.

ஹைதராபாத் மாதாப்பூரில் ஐடி கட்டிடங்களை எழுப்பும் தொழிலாளர் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலத்தவர். நோய் கூடுதலாகக் காணப்படும் மாநிலங்கள் இவை. அதற்காக அவர்களை ஒதுக்குவது அறிவீனம். தொழுநோய்த் தேமல் வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. வலிக்காத ஒன்றுக்காக யார் ஒருநாள் கூலியை விடுவார்கள்? நரம்பு மரத்தபின் சென்ட்ரிங் பலகையின் ஆணி காலில் ஏறினாலும் தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்புவரை போகும். விரல்கள் குறைவது பெரும்பாலும் இப்படித்தான்.

நிறம் மங்கி உணர்ச்சி குறைந்த தேமலைக் கண்டதும் பஸ்தி தவாகானா என்னும் அரசு நகர்ப்புறச் சிறு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார மையத்திலோ காட்ட வேண்டும். ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் சேர்ந்த மாத்திரை அட்டை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு அநேகமாக நின்றுவிடும். மருந்தால் சிறுநீர் சிவக்கும், தோல் கறுக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. வேலை வேறு ஊருக்கு மாறினால் சிகிச்சை அட்டையைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள அரசு மையத்தில் தொடரலாம். இடையில் தேமல் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும். வீட்டாருக்கும் பரிசோதனை உண்டு. தகுதியுள்ளவர்களுக்கு ஒருவேளை ரிஃபாம்பிசின் தடுப்பாகத் தரப்படும்.

மாதாப்பூருக்குப் பக்கத்திலுள்ள குக்கட்பள்ளியில் 1958இல் சிவானந்தா மறுவாழ்வு இல்லம் எழுந்தபோது, நோயாளிகளைப் பிரித்துவைக்கும் 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருந்தது. அது நீக்கப்பட்டது 2016இல்தான். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழி 2019இல் அடைபட்டது.

குணமான பின்னும் உணர்ச்சியிழப்போ ஊனமோ உள்ளவர் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறார். குறைந்தது 40 சதவீத ஊனத்துக்குச் சான்றிதழ் பெற்றால் அரசு வேலையின் 4 சதவீத இடஒதுக்கீட்டில் போட்டியிடலாம். பாகுபாடு நேர்ந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.