வீட்டில் தங்கியவர்கள் – 11: வார இறுதிச் சீட்டு

ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குத் தொண்டர்களாகப் போன பிரிட்டிஷ்காரர்களின் வீடுகளுக்குள் சென்ற வாரம் நுழைந்தோம். ஸ்பெயின் குடியரசுக்காகப் போரிட்ட அயல்நாட்டுத் தொண்டர்களின் சர்வதேசப் படையணியின் கதையை மறுபடி சொல்லப்போவதில்லை; தொடரைப் படித்துவருகிறவர்களுக்கு அது நினைவிருக்கும். இந்த வாரம் கடிதங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கடிதங்களுக்கு முன்னால் ஒரு ரயில் சீட்டு குறுக்கே வந்து நிற்கிறது. அதைப் பார்க்காமல் அந்த வீடுகளின் நிலைமை புரியாது என்பதால் முதலில் சீட்டு.

லண்டன் விக்டோரியா நிலையத்தில் அந்த நாட்களில் பாரிஸுக்கு ஒரு வார இறுதிச் சீட்டு கிடைத்தது. சனி, ஞாயிறில் பாரிஸைச் சுற்றிப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கான மலிவான போக-வரச் சீட்டு அது. ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று எல்லாம் அதில் அடக்கம். அதன் பெரிய வசதி, அதை வைத்திருப்பவருக்கு பாஸ்போர்ட் தேவையில்லை என்பது. 1937 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு 1870-ம் ஆண்டின் அயல்நாட்டுப் படைச் சேர்க்கைச் சட்டத்தைத் தூசுதட்டி எடுத்து, ஸ்பெயினில் போரிடப் போவது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு பாஸ்போர்ட் கேட்டுப் போவது தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதற்குச் சமம். ஆகவே ஆட்களை அனுப்பிய கம்யூனிஸ்ட் கட்சி இந்தச் சுற்றுலாச் சீட்டைப் பிடித்துக்கொண்டது. பெட்டி படுக்கை கூடாது, கையில் ஒரு சின்னப் பொட்டலம் போதும், உடன் வருபவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பவை கட்டளைகள். நிலையத்திலும் துறைமுகத்திலும் ரகசியப் போலீசார் நின்று கேள்வி கேட்டார்கள். பாரிஸுக்குப் போனதும் மருத்துவப் பரிசோதனை. அங்கிருந்து தெற்கே ரயில். பிறகு கயிற்று அடிப்பாகம் வைத்த துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலையை இரவோடு இரவாகக் கால்நடையாகக் கடக்க வேண்டும். மலையைக் கடந்தவர்களுக்குச் சீட்டின் திரும்பும் பாதி பயன்படாமலே போனது. இப்படிப் பல வழிகளிலும் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் சுமார் 2,500 பேர் போனார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவேயில்லை. கடைசியில், பயமுறுத்திய அந்தச் சட்டத்தின் கீழ் ஸ்பெயின் தொண்டர் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

படை வரலாற்று நூல்கள் இந்தச் சீட்டைச் சாமர்த்தியத்துக்கு அடையாளமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதே சீட்டை வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது சொல்வது வேறு. ரகசியமாகப் புறப்பட வேண்டும் என்றால் போலீசுக்கு மட்டும் தெரியாமல் புறப்பட முடியாது. அண்டை வீட்டாருக்கும் தெரியக் கூடாது, பல நேரம் மனைவிக்கும் தெரியக் கூடாது. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே போனவர்கள் உண்டு. பிரான்சிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ தபால் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் உண்மை தெரிந்தது. தொண்டுக்குப் போகும் முடிவு இருவருடைய வாழ்க்கையையும் புரட்டிப்போடும் முடிவு. அதை ஒருவர் எடுக்க, மற்றவர் செய்தியாகத் தெரிந்துகொண்டார். ரகசியம் ஆணைச் சட்டத்திடமிருந்து காப்பாற்றியது. அந்த ரகசியத்தின் செலவைப் பெண் ஏற்றாள். இந்தத் தொடரில் நான் தொடர்ந்து வாதாடிவருவது இதைத்தான்: அயல்நாட்டுத் தொண்டு என்பது ஒரு தனி மனிதரின் செயல் அல்ல, ஒரு குடும்பத்தின் செயல். அதன் செலவில் பெரும்பகுதி வீட்டில் தங்கியவர் கணக்கில்தான் விழுகிறது. ஸ்பெயினைப் போல இதைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு.

அந்தச் செலவு எப்படி விழுந்தது என்பதைத் தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் பார்க்கலாம். வேல்ஸிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். முப்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்களும் அவர்களில் இருந்தார்கள். கட்சி தனியாட்களையே விரும்பியபோதும் குடும்பஸ்தர்கள் போகத்தான் செய்தார்கள். 1930-களில் அந்த ஊர்களில் வேலையின்மை தலைவிரித்தாடியது. வேலையில்லாத குடும்பத்தின் உதவித்தொகை கணவன் பெயரில்தான் வரும். மனைவிக்கும் குழந்தைகளுக்குமான பங்கு அதற்குள் அடக்கம். குறித்த நாளில் அவன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கையெழுத்திட வேண்டும். அவன் பிரனீஸ் மலையில் ஏறிக்கொண்டிருந்தால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் பணமும் இல்லை. அடுத்த கதவு உள்ளூர் ஏழை நிவாரணக் குழு. அங்கே கேட்கும் முதல் கேள்வி, கணவன் எங்கே என்பதுதான். ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார் என்றால் அரசு குற்றம் என்று அறிவித்த காரியத்தை ஒப்புக்கொண்டதாகும். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றால் ஊர் முழுக்க அவமானம். இதற்கு நடுவே வாடகை நிற்கவில்லை, கடைக்காரரின் பற்று நோட்டு நிற்கவில்லை. வேலையில்லாத கணவன் வீட்டில் இருந்தபோது கழிவு மேடுகளில் நிலக்கரித் துண்டு பொறுக்கிவருவது அவன் வேலை. அவன் போன பிறகு அடுப்பெரிய அதை வேறு யாராவது செய்தாக வேண்டும்.

படைவீரரின் மனைவிக்கும் இதே கதிதானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். இல்லை, வேறுபாடு பெரியது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-ல், பிள்ளையில்லாத ஒரு சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு, கணவன் சம்பளத்தில் பிடித்ததும் அரசின் பங்கும் சேர்த்து, வாரம் 12 ஷில்லிங் 6 பென்ஸ் பிரிவுப்படி வந்தது. பெருந்தொகை அல்ல, ஆனால் வாராவாரம் வந்தது. கணவன் இறந்தால் ராணுவ அலுவலகத்துக்குத் தகவல் சொல்லும் கடமை இருந்தது, விதவை ஓய்வூதியம் இருந்தது. ஸ்பெயின் தொண்டரின் மனைவிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. எத்தனை காலம் என்ற வரையறையும் இல்லை. ஆறு மாதத்தில் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் பலர். போர் முடியும்வரை என்றது தலைமை. 1937 கோடையில் படையணிக்குள்ளேயே இது பெரும் மனக்குறையாக வெடித்தது. சிப்பாயின் மனைவியும் காத்திருந்தாள்தான், ஆனால் ஓர் அரசு அவளுக்குப் பொறுப்பேற்றிருந்தது. தொண்டரின் மனைவிக்குப் பொறுப்பேற்க அரசு மறுத்தது மட்டுமல்ல, அவள் கணவனைக் குற்றவாளி என்றும் அழைத்தது.

அந்த இடத்தை நிரப்ப 1937-ல் எழுந்ததுதான் தொண்டர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்குமான உதவிக் குழு. தொழிற்சங்கக் கிளைகளிலும் கூட்டங்களிலும் திரட்டிய காசை அது குடும்பங்களுக்கு அனுப்பியது. அதன் கௌரவச் செயலாளர் சார்லட் ஹால்டேன் என்ற எழுத்தாளர். இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த வாரம் என்னை மிகவும் ஈர்த்தவர் இவர்தான். லண்டனில் இந்தப் பொறுப்புக்கு வரும் முன் சார்லட் பாரிஸில் இருந்தார். ரீட்டா என்ற புனைபெயரில், வார இறுதிச் சீட்டோடு வந்து இறங்கிய பிரிட்டிஷ் தொண்டர்களை வரவேற்று, பரிசோதித்து, குடியையும் விலைமாதர் வீடுகளையும் பற்றி எச்சரித்து, தெற்கே ரயிலேற்றி அனுப்பியவர் அவர். அதாவது ஆண்களை வழியனுப்பிய அதே பெண்தான் பிறகு அவர்களின் மனைவியருக்குப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய பதின்வயது மகனே ஸ்பெயினுக்குப் போயிருந்தான். கணவர் ஜே.பி.எஸ். ஹால்டேன் விஷவாயு, விமானத் தாக்குதல் பாதுகாப்பு பற்றி ஆலோசனை சொல்லப் பலமுறை ஸ்பெயின் சென்றுவந்தார். அந்த உயிரியல் அறிஞர்தான் பின்னாளில் இரண்டாவது மனைவியோடு இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். நம் பாடப்புத்தகங்கள் அறிந்த பெயர் அவருடையது. தொண்டின் இரு முனைகளையும், போகிற முனையையும் தங்குகிற முனையையும், ஒரே வாழ்க்கையில் கையில் பிடித்திருந்த சார்லட்டின் பெயரை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அந்தப் பெண்களை ஏமாந்த அப்பாவிகளாகச் சித்திரிக்கிறீர்கள், அவர்களுக்கும் அரசியல் இருந்ததே, கணவன் போனதை அவர்களும் விரும்பியிருக்கலாமே என்பது. அரசியல் இருந்தது என்பது முழு உண்மை. 1935 பிப்ரவரி 4 அன்று, குறைக்கப்பட்ட உதவித்தொகையை எதிர்த்து தெற்கு வேல்ஸின் மெர்தரில் ஊர்வலம் போன கூட்டம் உதவித்தொகை வாரிய அலுவலகத்தைச் சூறையாடியது. முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். மறுநாளே அரசு பின்வாங்கிக் குறைப்பை நிறுத்திவைத்தது. ஸ்பெயின் போர் வந்தபோதும் நிதி திரட்டியதில், 1937 மே மாதம் ஸ்பெயினிலிருந்து அகதிகளாகச் சவுத்தாம்டனில் வந்திறங்கிய ஏறத்தாழ 4,000 பாஸ்க் குழந்தைகளைப் பராமரித்ததில் பெண்களின் பங்கு பெரிது. வேல்ஸின் கெர்லியானில்கூட அப்படி ஒரு குழந்தைகள் இல்லம் நடந்தது. ஆனால் இந்தச் சான்றுகள் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகின்றன. அரசையே பணியவைக்கத் தெரிந்த பெண்களிடம், போகலாமா என்று கேட்டிருந்தால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பார்கள். பலர் போய்வா என்றும் சொல்லியிருப்பார்கள். கேட்டு வாங்கிய சம்மதம் அவர்களையும் தொண்டர்களாக்கியிருக்கும். கேட்காமல் போனபோது அவர்கள் சுமைதாங்கிகளானார்கள். பின்னால் அவர்கள் அந்த லட்சியத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை முன்னரே சம்மதித்ததாகக் கணக்கில் எழுதுவது நியாயமல்ல.

மனைவியும் கூடவே போயிருக்கலாமே என்போர், எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் மனைவி எய்லீனைக் காட்டுவார்கள். ஆர்வெல் 1936 டிசம்பர் இறுதியில் புறப்பட்டார். அவர் சேர்ந்தது சர்வதேசப் படையணியில் அல்ல, வேறொரு கட்சியின் போராளிப் படையில். திருமணமாகி அரையாண்டுதான் ஆகியிருந்தது. ஹெர்ட்ஃபோர்டுஷயரில் வாலிங்டன் கிராமத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் ஊரின் மளிகைக் கடை. சர்க்கரையும் பன்றி இறைச்சியும் குழந்தைகளுக்கு மிட்டாயும் விற்று வந்த லாபம் வீட்டு வாடகைக்குச் சரியாக இருந்தது. மின்சாரம் கிடையாது, கழிப்பறை வெளியே, கொல்லையில் ஆடும் கோழிகளும். கணவர் போனதும் இத்தனையும் எய்லீன் தலையில். பிப்ரவரி நடுவில் அவரும் பார்சிலோனாவுக்குப் போய் ஒரு கட்சி அலுவலகத்தில் செயலாளராக உழைத்தார். அப்படியானால் வாலிங்டன் வீடு? ஆர்வெல்லின் அத்தனை வாழ்க்கை வரலாறுகளிலும் ஓரமாக வந்துபோகும் அவருடைய தாயின் சகோதரி நெல்லி வந்து பார்த்துக்கொண்டார். எய்லீனின் உதாரணம் நிரூபிப்பது இதுதான்: இருவரும் போனாலும் மூன்றாவதாக ஒருவர் தங்கியாக வேண்டும். பிள்ளையில்லாத, படித்த, நடுத்தர வர்க்கத் தம்பதிக்கே இப்படி. நான்கு குழந்தைகளோடு பள்ளத்தாக்கில் இருந்தவளுக்கு எந்த உறவினர் வருவார்? ஆர்வெல் 1938-ல் வெளியிட்ட ஸ்பெயின் நூலில் எய்லீன் ‘என் மனைவி’யாக மட்டுமே வருகிறார், பெயர் ஓரிடத்திலும் இல்லை.

கடைசி மறுப்பு உணர்ச்சிகரமானது. 1937 பிப்ரவரி 12 அன்று மாட்ரிட் அருகே ஹராமா போர்முனையில் இறங்கிய சுமார் 600 பிரிட்டிஷ் தொண்டர்களில் அன்று மாலை நிற்க முடிந்தவர்கள் 225 பேர் மட்டுமே. அந்த ரத்தத்துக்கு முன்னால் வாடகையையும் கரித்துண்டையும் பேசலாமா என்று கேட்பார்கள். பேசத்தான் வேண்டும். இரண்டையும் தராசில் வைத்து எது கனம் என்று பார்ப்பது என் நோக்கமல்ல. இறந்தவர்களின் தியாகத்தில் ஒரு துளியும் குறையாமலே இன்னொரு கணக்கையும் எழுத முடியும். அந்த ஒரே நாள் நூற்றுக்கணக்கான வீடுகளைத் தொட்டது. ஆனால் அந்த வீடுகளுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு எந்த அரசு அலுவலகத்துக்கும் இருக்கவில்லை. யார் உயிரோடு இருக்கிறார், யார் சிறைப்பட்டார் என்று தெரியாமல் கழிந்த வாரங்களும் ஹராமாவின் வரலாறுதான்.

பெயர்கள் எப்படி மறைகின்றன என்பதற்கு இலக்கியத்திலிருந்து ஒரு சான்று. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளியும் கம்யூனிஸ்ட் தலைவருமான லூயிஸ் ஜோன்ஸ் எழுதி 1939-ல் வெளியான ‘வீ லிவ்’ நாவலின் நாயகன் ஸ்பெயினுக்குப் போகிறான். மனைவி மேரி ஊரில் இருக்கிறாள். 1939 ஜனவரியில், பார்சிலோனா வீழ்ந்த அதே வாரத்தில், ஸ்பெயினுக்காக ஒரே நாளில் ஏராளமான கூட்டங்களில் பேசிவிட்டு வந்த ஜோன்ஸ் இறந்துபோனார். நாவலின் கடைசி இரண்டு அத்தியாயங்களை அவருடைய தோழி, ஆசிரியையாக இருந்த மேவிஸ் லூவலின் எழுதி முடித்ததாகக் கருதப்படுகிறது. அட்டையில் இருப்பது ஜோன்ஸின் பெயர் மட்டும்.

எஞ்சிய தொண்டர்கள் 1938 டிசம்பர் 7 அன்று, புறப்பட்ட அதே விக்டோரியா நிலையத்தில் வந்திறங்கினார்கள். பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது. 1985-ல் லண்டனில் தேம்ஸ் கரைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னமும் எழுந்தது. இரண்டும் அவர்களுக்கு உரியவையே. ஆனால் தொண்டர்களைப் பற்றிய எந்த நூலைப் படித்தாலும், எந்தச் சின்னத்தின் முன் நின்றாலும், இவர் இல்லாத மாதங்களில் அந்த வீட்டு வாடகையை யார் கட்டினார் என்று வாசகர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று மருத்துவக் குழுக்களிலும் நிவாரணக் குழுக்களிலும் ஆட்களை வெளிநாடு அனுப்பும் அமைப்புகளும், புறப்படுகிறவரிடம் மட்டுமல்ல, தங்குகிறவரிடமும் உட்கார்ந்து பேசிய பிறகே அனுப்ப வேண்டும். கடிதங்கள் அடுத்த வாரம்.