பூசணிக்குச் சாம்பல் பூசியது யார்?

சாம்பல் பூசணிக்காயைத் தூக்கியிருக்கிறீர்களா, குழந்தைகளே? உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும். சிறுவனாக இருந்தபோது, அழுக்கு என்று நினைத்து ஒரு காயை நன்றாகத் தேய்த்துக் கழுவி வைத்தேன். பரணில் இருந்த மற்ற காய்கள் மாதக்கணக்கில் தாங்கின. நான் கழுவியதுதான் முதலில் கெட்டது. பாட்டியிடம் வாங்கிய திட்டு தனிக்கதை!

அந்தப் பொடி சாம்பலும் அல்ல, தூசியும் அல்ல, மெழுகு. காயின் தோலே அதைச் சுரக்கிறது. காய் முற்ற முற்றப் பூச்சும் தடிக்கும். உள்ளே இருக்கும் நீர் ஆவியாகாமல் காப்பதும், மழைத்துளியை உருண்டோடச் செய்வதும் இதுதான். திராட்சையின் மேல் வெண்மையாகத் தெரிவதும் இதுபோன்ற மெழுகுதான்.

பொடியே இல்லாத பச்சைப் பூசணி ரகங்களும் உண்டு. இருக்கிறதா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பவை, பெற்றோர்ச் செடிகளிலிருந்து விதை வழியாக வரும் மரபணுக்கள். தக்காளிக்கும் அப்படித்தான். மெழுகு தயாரிக்கும் மரபணு ஒன்று பழுதான தக்காளிச் செடியை ஆராய்ந்த ஜெர்மனி விஞ்ஞானிகள், 2004ல் முடிவை வெளியிட்டனர். அதன் பழத்தோல் வழியே, சாதாரணத் தக்காளியைவிடப் பல மடங்கு அதிகமாக நீர் வெளியேறியதாம்!

அடுத்த முறை சந்தைக்குப் போனால், சாம்பல் பூசணி மீது விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அடியில் பச்சைத் தோல் பளிச்சென்று தெரியும். ஆனால், அம்மா வாங்கிவிட்ட காயில் மட்டும்!