காப்பியில் கருகும் நாற்றம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறுகிறவர்கள், கொண்டையூசி வளைவுகளைக் கடந்தபின் ஸில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளைக் காண்பார்கள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820-ஆம் ஆண்டையொட்டிச் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிராக்கினார். 1849-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரஸாயன நிபுணர் தாமஸ் ஆண்டர்ஸன், எலும்பைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயை ஆராய்ந்து, துர்நாற்றமுள்ள, நிறமற்ற திரவம் ஒன்றைக் கண்டார். அதுவே பிரிடீன். இவ்விருவர் காரியமும் நம் வீட்டு டபராவில் ஒன்று சேர்கின்றன என்றால் வாசகர்கள் வியப்புறக் கூடும்.

பென்ஸீன் என்பது ஆறு கரி அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம். அவற்றில் ஒன்றின் இடத்தில் நைட்ரஜன் அணு அமர்ந்தால் பிரிடீன் ஆகிறது. ஓர் அணுதான் மாறியது. குணமோ பெரிதும் மாறிவிடுகிறது. பென்ஸீன் தண்ணீரோடு சேராது. பிரிடீன் எந்த அளவிலும் கலக்கும். நைட்ரஜனிடம் வளையத்தின் பிணைப்புக்கு வேண்டாத எலெக்ட்ரான் ஜோடி ஒன்று இருப்பதால், அது அமிலத்தைப் பற்றிக்கொள்கிறது; ஆகவே பிரிடீன் ஒரு காரம். 115 டிகிரியில் கொதிக்கும். அழுகிய மீனைப் போன்ற அதன் நாற்றம் காரணமாகவே, யாரும் குடிக்காதிருக்கும் பொருட்டுத் தொழிற்சாலைச் சாராயத்தில் அதைக் கலந்து வந்தார்கள்.

பச்சைக் காப்பிக்கொட்டையில் பிரிடீன் நாற்றம் இல்லை. ஆனால் அதே வளையத்தைத் தாங்கிய டிரைகோனெலின் என்ற வஸ்து, நூற்றில் ஒரு பங்களவு இருக்கிறது. வெந்தயத்தின் தாவரப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. வெந்தயத்திலும் அது உண்டு. கொட்டையை 200 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது டிரைகோனெலின் சிதைகிறது. ஒரு பகுதி நிகோடினிக் அமிலமாகிறது. பெல்லக்ரா நோயைத் தடுக்கும் வைட்டமின் அதுவே. மற்றொரு பகுதி பிரிடீனாகிறது. வறுவல் ஏற ஏறப் பிரிடீனும் ஏறும். காப்பியில் அது மிகச் சொற்பமே, அபாயம் ஒன்றுமில்லை. ஆனால் மூக்கு அதைச் சுலபத்தில் கண்டுபிடித்துவிடும்.

டிக்காஷன் கறுப்பாயிருந்தால்தான் சத்து என்பது நம்மவர் பலருடைய எண்ணம். கருக வறுத்தால் வைட்டமின் கூடுமே என்று வாதிப்போரும் உண்டு. கூடும், மெய்தான், அந்த வைட்டமினுக்கு ஒரு பிடி நிலக்கடலை போதும். மலைத் தோட்டத்தில் வளர்ந்து, பழமாய்ப் பறித்து, உலர்த்தி வந்த அராபிகாவின் நறுமணத்தைக் கரியாக்கி இழப்பானேன்? கடையில் அரைக்கக் கொடுக்குமுன் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எண்ணெய் கசிந்து மினுமினுத்துக் கன்னங்கரேலென்று இருந்தால், இன்னும் இளவறுவலாகக் கேட்பதே நலம்.