பொறியியலைக் கலையாகப் பயிலுதல்

'பொறி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். கண், செவி முதலிய ஐந்தும் பொறிகள். புலியும் வில்லும் கயலுமாகிய வேந்தர் இலச்சினைகளும் பொறிகள். தீயினின்று தெறிப்பதும் பொறி. மதுரைக் கோட்டை மதிலில் இருந்தனவாகச் சிலப்பதிகாரம் அடுக்கிச் சொல்லும் போர்க்கருவிகளும் பொறிகளே. 'எஞ்சினியரிங்' என்பதற்கு நேராகப் 'பொறியியல்' என நாம் வழங்கத் தலைப்பட்டபோது, இவற்றுள் இயந்திரம் என்ற ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டோம். விட்டவற்றையும் அப்படிப்பினுள் மீண்டும் சேர்த்துக்கொள்ள இயலுமா என்பதே இன்று கல்வியாளரிடையே எழுந்துள்ள வினா.

'லிபரல் ஆர்ட்ஸ்' என மேலைநாட்டார் வழங்குவது ஒரு தொழிலுக்கு மட்டும் ஆளைத் தயாரிக்கும் கல்வியன்று. மொழி, வரலாறு, கணிதம், அறிவியல், மெய்யியல் ஆகியவற்றில் பரந்த பயிற்சி தந்து, எத்துறையிலும் புகுந்து கற்கும் ஆற்றலை வளர்ப்பது அது. பொறியியற் பட்டத்தையும் அவ்வாறே நெகிழ்வாக அமைத்து, மாணவர் தம் விருப்பத்திற்கேற்பப் பிற துறைப் பாடங்களையும் எடுத்துப் பயிலச் செய்யலாம் என்பர் ஒரு சாரார். இது நகரத்துச் செல்வர் பிள்ளைகளுக்குரிய பேச்சு என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்டாக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர். அவர்தம் பெற்றோர் கேட்பது ஒன்றே: "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" அவ்வினாவை மதியாத எந்தக் கல்விக் கொள்கையும் இவ்வூர்களில் வேர்விடாது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1949இல் லூயிஸ் குழுவின் அறிக்கையைப் பெற்று, மானுடவியல் பாடங்களுக்கெனத் தனிப்புலம் ஒன்றை 1950இல் நிறுவியது. நளினி ரஞ்சன் சர்க்கார் குழு அக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டே நம் நாட்டிற்குத் திட்டம் வகுத்தது. 1951இல் கரக்பூரில் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது. ஐ.ஐ.டி.க்கள் தோறும் மானுடவியல், சமூகவியல் துறை ஒன்று இருப்பது இம்மரபின் வழி வந்ததே.

ஆயினும் நமக்கு இன்னும் நெருங்கிய சான்று குரோம்பேட்டையில் உண்டு. சி. ராஜம் அவர்கள் 1949இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியாகிய எம்.ஐ.டி., தொடக்கக் காலத்தில் பள்ளிப்படிப்பு முடித்தோரை நேரே சேர்க்கவில்லை. அறிவியலில் பட்டம் பெற்றோரையே சேர்த்து மூன்றாண்டுகள் பொறியியல் பயிற்றுவித்தது. அதாவது, கலை-அறிவியல் கல்லூரி என்னும் அடிமனை மீதே பொறியியல் என்னும் மாடம் எழுப்பப்பட்டது. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1954இல் முடித்த பின்னரே அங்குச் சென்று விமானப் பொறியியல் கற்றார். அவர் வளனார் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்திலும் தோய்ந்தவர். எம்.ஐ.டி.யின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டுதல் என்னும் பொருள் பற்றித் தமிழில் எழுதிப் பரிசு பெற்றதைத் தம் வரலாற்று நூலில் அவர் மகிழ்வோடு குறித்துள்ளார். ஏவுகணை செய்தவர் முதலில் அதனைத் தமிழ்க் கட்டுரையில் எண்ணிப் பார்த்தார் என்பது தமிழ்த்துறையினராகிய நமக்கு இனிக்கும் செய்தி! அதே வளனார் கல்லூரி, அதே எம்.ஐ.டி. வழியே வந்தவர்தாம் எழுத்தாளர் சுஜாதாவும். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர ஆக்கத்தில் பங்கேற்ற அவரது கைதான் தமிழ்ச் சிறுகதைக்கும் புதிய நடை தந்தது.

நீர்வளப் பொறியாளர் வா. செ. குழந்தைசாமி அவர்களின் நிலையும் ஒப்பிடத்தக்கது. மழைநீர் ஓடையாகப் பெருகும் முறையைக் கணிதத்தால் விளக்கிய அவர்தம் ஆய்வு, நீரியலார் எடுத்தாளும் ஆய்வாகும். அவரே 'குலோத்துங்கன்' என்னும் பெயரில் கவிதை படைத்தவர். 'வாழும் வள்ளுவம்' என்னும் நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர்.

இனி இன்றைய நிலை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம், நான்காண்டுப் பொறியியற் பட்டத்திற்கு 160 மதிப்பலகுகள் வகுத்தது. அவற்றுள் மானுடவியல், சமூகவியல், மேலாண்மை மூன்றுக்குமாகச் சேர்த்து 12. பிற துறைகளிலிருந்து விரும்பித் தேரும் திறந்தநிலைப் பாடங்களுக்கு 18. அண்ணா பல்கலைக்கழகம் 2022-23ஆம் கல்வியாண்டு முதல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்னும் இரு தாள்களை முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் கட்டாயமாக்கியது. இரண்டாம் தாளில் நெசவும், பானைத் தொழிலும், கட்டடக் கலையும், உலோகத் தொழிலும், ஏரியும் மதகும் குமிழித்தூம்பும், கணித்தமிழும் இடம்பெறுகின்றன. போற்றத்தக்க முயற்சிதான். ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் உரியது ஒரே ஒரு மதிப்பலகு. வாரத்திற்கு ஒரு மணி நேரம். குமிழித்தூம்பின் இயக்கத்தை ஒரு மாணவன் வரைந்து, கணக்கிட்டு, நேரில் கண்டு தெளிவதற்கு இக்காலம் போதாது. மனப்பாடம் செய்து தேர்வெழுதுவதற்கே போதும் என்பது நம் கருத்து.

பரந்த கல்வி எதற்கு என்று வினவுவோர் பாகூர் ஏரிக்கரையில் சற்று நின்று பார்க்கலாம். ஊசுட்டேரிக்கு அடுத்துப் புதுவை வட்டாரத்தின் பெரிய ஏரி அது. தென்பெண்ணையிற் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே நீர் பெறுவது. இவ்வூர்க் கல்விநிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைப் பல்லவன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, வடமொழியிலும் தமிழிலுமாக, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்துள்ளது. ஊர் விளைச்சல் கல்விக்குச் சோறிட்டது. அவ்விளைச்சலுக்கு நீரே முதல்.

பிற்காலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. சொந்தக் கிணறு உடையவருக்கு ஏரி தேவையில்லை என்றானபோது வாய்க்கால் தூர்ந்தது, மதகு பழுதுற்றது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் உவர் ஏறலாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999இல் தொடங்கிய புதுவை ஏரிகள் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டது. தூர் வாருவதும் கரை உயர்த்துவதும் பொறியாளர்க்கு எளிய செயல்கள். ஆனால் அத்திட்டம் ஊர்தோறும் ஏரிச் சங்கம் அமைக்கவும் வேண்டியிருந்தது. மதகை எவர் திறப்பது, கடைமடைக்காரன் பங்கு என்ன, நிலமில்லாதார்க்கும் பெண்களுக்கும் சங்கத்தில் இடமுண்டா, கிணற்றுக்காரர் வரி தருவாரா என்னும் வினாக்களுக்குச் சிமெண்டுக் கலவையில் விடையில்லை. அவை வரலாறும் பொருளியலும் சட்டமும் மனித இயல்பும் கலந்த வினாக்கள். கட்டடப் பொறியியல் பயிலும் பாகூர் மாணவி ஒருத்தி திறந்தநிலைப் பாடமாக ஊரகப் பொருளியலையோ நீர்ச் சட்டத்தையோ எடுத்தால், அது அவள் தொழிலுக்குப் புறம்பானதாகாது.

எனினும் ஓர் அச்சமும் உண்டு. அதனை மறைப்பது முறையன்று. நெகிழ்வு என்ற பெயரால் எல்லாவற்றிலும் நுனிப்புல் மேய்ந்து, எதிலும் ஆழம் காணாது வெளியேறும் நிலை நேரலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அவ்வாறு வெளியேறினால் மேற்படிப்பில் ஈடுசெய்துகொள்ளும். கடன் வாங்கிப் படித்த உழவர் வீட்டுப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு அரிது. ஆதலின் கணிதமும் அடிப்படைப் பொறியியலும் குறையாமல் நின்று, அவற்றின் மேல் பிற துறைகள் சேர்தல் வேண்டும். அவற்றுக்கு மாற்றாக அல்ல. மேலும், பாடத்திட்டத்தில் அச்சாகியுள்ள திறந்தநிலைப் பாடமெல்லாம் வகுப்பறையில் நடைபெறுவதில்லை. ஆசிரியர் எவர் உள்ளாரோ அவர் நடத்தும் ஒரு பாடத்தையே எல்லாரும் 'விரும்பித் தேரும்' விந்தையும் உண்டு. கலந்தாய்வுக்குச் செல்வோர் கல்லூரியின் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன், கடந்த ஆண்டு எந்தெந்தத் திறந்தநிலைப் பாடங்கள் உண்மையில் நடந்தன என்று வினவுதல் நன்று.

இன்னொரு வழியையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பிற் கணிதம் பயின்று, பின் அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோர், பொறியியலின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேர விதிகள் இடமளிக்கின்றன. பழைய குரோம்பேட்டை வழியின் சாயல் இதில் உண்டு. பொறியியற் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று மனம் சோர்ந்து இளநிலை அறிவியல் வகுப்புகளில் வந்தமரும் நம் மாணவர் பலர்க்கு இவ்விதி இருப்பதே தெரிவதில்லை.