பார்த்துக்கொள்பவருக்கு யார்?

எண்பதுகளின் சிற்றூர்த் தெருவில் ஒரு மருமகள் வாங்கக்கூடிய பெரிய கெட்ட பெயர், மாமியாருக்குச் சோறு போடாதவள் என்பது. அதை வாங்கித் தர மறதி நோய்க்கு ஒரு மத்தியானம் போதும். பாட்டி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத் திண்ணைக்கு வருவார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, “காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல” என்பார். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. எதிர்வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் ரசம் சோறு கொண்டுவந்து கொடுப்பார், பாட்டி அதையும் சாப்பிடுவார். அதற்கப்புறம் அடுப்படியில் நிற்கிறவள் என்ன சொன்னாலும் எடுபடாது. அடுத்த வாரம் தோட்டைக் காணோம், அவள்தான் எடுத்துவிட்டாள் என்பார். அதுவும் அவள் தலையில்தான் விடியும்.

வயசாச்சு, அறளை பெயர்ந்துவிட்டது என்பதோடு விசாரணை முடிந்துவிடும். டாக்டரிடம் போகிற பேச்சே இருக்காது. கூட்டுக் குடும்பம் இருந்தது, எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள் என்று இப்போது பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கண்கள் நிறைய இருந்தன என்பது நிஜம். தாத்தா கால்போன போக்கில் நடந்தால் டீக்கடைக்காரர் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடுவார். ஆனால் நனைந்த படுக்கையை அலசியதும் ராத்திரி விழித்திருந்ததும் அன்றைக்கும் ஒருத்திதான். அடங்காதவரைக் கட்டில் காலோடு கட்டிப்போட்ட வீடும், பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிய வீடும் அதே தெருவில் இருந்தன.

வீட்டுக்கு வெளியே மாற்றங்கள் மெல்ல வந்தன. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது 1978இல். 1992இல் கேரளத்தில் அல்சைமர் சங்கம் பிறந்தது. 2019இல் லக்ஷ்மி ராமகிருஷ்ணனின் ‘ஹவுஸ் ஓனர்’ படம், சென்னை வெள்ளத்துக்கு நடுவே மறதி நோய்க் கணவரோடு மாட்டிக்கொண்ட மனைவியைக் காட்டியது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்கிற இந்த மறதி நோய் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனையிலும் வீட்டுக்குள் எட்டிய பெரிய மாற்றம் எது என்று கேட்டால், இன்றைக்கு டாக்டர் அப்படியொரு மருமகளிடம் சொல்லும் இரண்டு வரிகளைத்தான் சொல்வேன்: “அம்மா பொய் சொல்லல. நீங்களும் பட்டினி போடல.” கூடவே ஒரு யோசனையும் கிடைக்கிறது. சாப்பிட்டாயிற்று என்று வாதாடக் கூடாது. ‘இதோ ஆயிடுச்சு’ என்று சொல்லிக் கையில் கொஞ்சம் பொரியைக் கொடுத்தால் போதும். மருந்து இந்த நோயைக் குணமாக்குவதில்லை. ஆனால் இந்த யோசனை அந்த வீட்டுச் சண்டையில் பாதியைக் குறைக்கும்.

தெரு போய் அடுக்குமாடி வந்ததில் அந்த டீக்கடைக்காரரும் போய்விட்டார். சாயங்காலம் ஐந்து மணியானால் அம்மா இரண்டு புடவையை மூட்டை கட்டிக்கொண்டு, “எங்க வீட்டுக்குப் போகணும்” என்று கதவைத் தட்டுகிறார். இருப்பதே அவர் வீடுதான். கிரில் சாவி மகளின் இடுப்பில் இருக்கிறது. கீழே கூட்டிப்போய் ஒரு சுற்று சுற்றி, வீடு வந்துவிட்டது என்று அழைத்துவருவது அவள் தானாகக் கற்றுக்கொண்ட வித்தை. இரவு வெளிநாட்டிலிருந்து அண்ணன் போன் செய்கிறார். கேமராவில் பார்த்தாராம், அம்மா ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கிறார். அன்றைக்குத் தெரு விசாரித்தது, இன்றைக்கு கேமரா விசாரிக்கிறது.

விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் வீட்டில் பார்த்துக்கொள்பவரின் பாடு இன்னும் கடுமை. நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் பதிவாகிற மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. முன்பெல்லாம் பலர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனார்கள். 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம்தான், உயிர்கள் பிழைக்கின்றன. ஆனால் வீட்டுக்கு அனுப்பிய பிறகு கணக்கு குடும்பத்துடையது. மூக்குவழிக் குழாயில் கஞ்சி ஊற்றவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் போடவும் மனைவியோ அம்மாவோ கற்றுக்கொள்கிறார்கள். எழுந்து நடந்துவிட்டவர்கள் வீட்டில் வேறு பாடு. ஆள் அதே ஆள், குணம் மட்டும் வேறு. தொட்டதற்கெல்லாம் தட்டைத் தூக்கி எறிகிறவராகிவிட்டார் என்பதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்வது? அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்துவிட்டுப் போகிறது. வருகிறவர்கள் பார்ப்பது படுத்திருப்பவரை. பக்கத்தில் நிற்பவருக்குத் தூக்கம் உண்டா என்றும் அவர்கள் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

நோயாளியால் கையெழுத்துப் போட முடியாத பிரச்சினையும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. பென்ஷன்காரரை ஆட்டோவில் தூக்கிவைத்து நேர்காணலுக்குக் கொண்டுபோன காலம் போய், 2014க்குப் பிறகு டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழ் வந்துவிட்டது. தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துத் தருகிறார். ஆனால் கோமாவில் இருப்பவர் பெயரிலுள்ள சொத்தை அவர் வைத்தியத்துக்காகவே விற்பதானாலும், பாதுகாவலரை நியமிக்கத் தெளிவான சட்டம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. 2024இல் அப்படிக் கோமாவில் இருந்தவரின் மனைவி தன்னைப் பாதுகாவலராக்கும்படி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தனி நீதிபதி மறுத்துவிட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அவரையே கணவருக்குப் பாதுகாவலராக நியமித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் புரட்டிப் போடுவதற்கும் குழாயில் ஊற்றுவதற்கும் நடுவே வக்கீலைப் பார்க்க எத்தனை பேருக்கு நேரம் கிடைக்கும்?

கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ என்றொரு திட்டம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரை முழு நேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். டயப்பர் செலவுக்கே அது காணாது. இருந்தாலும் அந்தப் பணம் நோயாளிக்காக இல்லாமல், பார்த்துக்கொள்பவருக்கென்றே வருகிறது. இதைத் தொடங்கவாவது ஓர் அரசுக்குத் தோன்றியிருக்கிறது.

பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் பணம்கூட இல்லை. தியாகி என்கிற பாராட்டு நிச்சயமாக இல்லை. ஒரு அம்மாளுக்குக் கடைவாய்ப் பல்லில் மாதக்கணக்காக வலி. “பிடுங்கிட்டு வர்ற வரைக்கும் இவர்கிட்ட யாராச்சும் உக்காந்திருந்தாப் போதும்” என்றார். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டிருக்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.